சோம்பல் அன்று, நோய்

இரவில் போதிய அளவு உறங்கியும் பகலில் அடக்க இயலாத உறக்கத்தால் அல்லலுறுவோர் சிலர் உளர். பாடம் கேட்கும்போதும் உண்ணும்போதும் உரையாடும்போதும் அவர்களின் கண்கள் தாமே மூடிக்கொள்கின்றன. இந்நோய்க்கு ‘நார்கோலெப்சி’ என்று பெயர். 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ இப்பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது.

விழிப்பின் காவலன்

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் ‘ஒரெக்ஸின்’ என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. விழிப்பு கலையாமல் காப்பது அதன் பணி. 1998இல் கண்டறியப்பட்ட இப்பொருள், நார்கோலெப்சி உடையோர் பலரிடம் மிகக் குறைந்திருப்பது ஈராண்டுகளுக்குள் தெரியவந்தது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே இவ்வணுக்களை அழிக்கிறது என்று அறிவியலாளர் கருதுகின்றனர்.

கனவும் நனவும்

பொதுவாக, உறங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடங்களுக்குப் பின்னரே கனவுத்துயில் வரும். அப்போது உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். இந்நோயாளருக்கோ 15 நிமிடங்களுக்குள்ளேயே அத்துயில் வந்துவிடுவதுண்டு. அதனால், நனவோடு கனவு கலந்து இல்லாத உருவங்கள் தோன்றும். விழித்த பின்னும் சிறிதுநேரம் உடலை அசைக்க இயலாது. சிலர் வாய்விட்டுச் சிரிக்கும்போதே முழங்கால் துவண்டு விழுவர். ஆயினும் அவர்களுக்கு நினைவு தப்புவதில்லை. சுற்றியிருப்போர் பேசுவதெல்லாம் கேட்கும். மகிழ்ச்சியே வீழ்த்துவதால் சிரிப்பதற்கும் அஞ்சி வாழ்வோர் உண்டு.

பழியும் பரிவும்

இந்நோய் பெரும்பாலும் வளரிளம் பருவத்திலோ இளமையிலோ தொடங்குகிறது. எனவே, வகுப்பில் கண்ணயரும் மாணவர் ‘சோம்பேறி’ எனப் பழிக்கப்படுகிறார். அப்பழியை அவரும் நம்பித் தம்மையே நொந்துகொள்கிறார். மருத்துவரை நாடாமலே ஆண்டுகள் பல கழிகின்றன. துயில் ஆய்வுக்கூடத்தில் ஓர் இரவும் மறுநாள் பகலும் மேற்கொள்ளப்படும் சோதனைகள் நோயைக் கண்டறிய உதவுகின்றன.

நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் அதனோடு நன்கு வாழ இயலும். விழிப்பைத் தூண்டும் மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பர். நாள்தோறும் குறித்த நேரத்தில் உறங்கி எழுவதும், பகலில் 15 முதல் 20 நிமிடங்கள் கண்ணயர்வதும் பயன்தரும். நோய் கட்டுக்குள் வரும்வரை வாகனம் ஓட்டுதலையும் தனியே நீந்துதலையும் தவிர்த்தல் வேண்டும்.

மருந்தைப் போலவே சூழ்ந்திருப்போரின் புரிதலும் இன்றியமையாதது. சிறிது நேரம் ஓய்வெடுக்கப் பள்ளி இடமளித்தால் அம்மாணவரின் கல்வி தடைப்படாது. உறங்கும் நண்பரை எள்ளி நகையாடுவதை விடுத்து, ‘உடல்நலம் எப்படி இருக்கிறது?’ என்று வினவுவதே உண்மையான தோழமை. அவ்வொரு வினா, அவர் மருத்துவரை நாடும் முதற்படியாக அமையலாம்.