மனச்சோர்வு மாத்திரையால் அசதியா? நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பிப்பவர்களில் கணிசமானோர் முதல் ஓரிரு மாதங்களிலேயே அதைத் தாமாக நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால், “மாத்திரை போட்டா நாள் முழுக்க அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு”, “காலையில எழுந்திருக்கவே முடியல, பிள்ளைகளுக்கு யார் சமைச்சுக் கொடுக்கிறது?” என்பார்கள். நியாயமான வேதனைதான். நோயே உடம்பின் தெம்பைக் குறைத்துவிட்ட நேரத்தில், குணமாக்க வந்த மாத்திரையும் ஆளைப் படுக்கவைத்தால் யாருக்குத்தான் வெறுப்பு வராது?

பெங்களூரு நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். அவர்களில் சிகிச்சைக்கு வருபவர்களே குறைவு. வந்தவர்களும் அசதிக்குப் பயந்து பாதியில் விலகிவிடக் கூடாது. இந்த அசதிக்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

## தொல்லை முதலில், பலன் பிறகு

இன்று அதிகம் எழுதித்தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. நம் உடலில் உள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால்தான் மனதுக்குச் சாப்பிட்ட மாத்திரை முதலில் வயிற்றைப் புரட்டுகிறது. குமட்டல், பேதி, தலைவலி, படபடப்பு, தூக்கக் குழப்பம், அசதி ஆகியவை முதல் நாட்களிலேயே தலைகாட்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தணிந்துவிடும்.

பலன் அவ்வளவு சீக்கிரம் தெரிவதில்லை. மனம் லேசாவது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதாவது, முதல் இரண்டு வாரங்களில் தொல்லை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பலர் பொறுத்துக்கொள்வார்கள்.

## அசதி எங்கிருந்து வருகிறது?

மாத்திரையின் குணம்: அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்றவை உடலில் ஹிஸ்டமின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. சளி மாத்திரை போட்டால் கண் சொக்குகிறதே, அதற்கும் இதுதான் காரணம். மற்ற சில மாத்திரைகள் சிலருக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அந்தக் கடன் பகலில் களைப்பாக வெளிப்படும்.

உடன் தரப்படும் மாத்திரை: ஆரம்பப் பதற்றத்தைக் குறைக்கச் சில வாரங்களுக்கு குளோனசெபாம் சேர்த்துத் தருவது நம் ஊரில் வழக்கம். இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையும் கடைகளில் உண்டு. மந்தத்துக்கு முக்கியக் காரணம் குளோனசெபாமாக இருக்கலாம். பழகிப்போகக்கூடிய மாத்திரை என்பதால், அதை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். வெகு நாட்களாகச் சாப்பிட்டுவந்தால், அதையும் அவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

நோயே தரும் அசதி: களைப்பு மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. அழுகை நின்று, பசி திரும்பிய பிறகும் களைப்பு மட்டும் சில மாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது பழி மாத்திரைமேல் விழுகிறது. உண்மையில் சிகிச்சை இன்னும் முழுமையடையவில்லை என்பதே பொருளாக இருக்கலாம்.

வேறு உடல்நலக் குறைகள்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், பி12 பற்றாக்குறை, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது ஆகியவையும் இதே களைப்பைத் தரும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளைச் செய்து பார்க்காமல் எல்லாவற்றையும் மாத்திரையின் கணக்கில் எழுதக் கூடாது.

## மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் கிடைப்பது சில நிமிடங்கள். “ஒரே டயர்டா இருக்கு டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சிறு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதிவையுங்கள். உதாரணமாக:

“இரவு 10.30-க்கு மாத்திரை. காலை 7 வரை தூக்கம். 11 மணி வரை தலை பாரம், கண் சொக்கல். மதியத்துக்குப் பிறகு பரவாயில்லை.”

இந்த நான்கு வாக்கியங்கள் போதும். மாத்திரையின் மயக்கம் காலைக்கும் நீள்கிறது என்பதை மருத்துவர் ஊகித்துவிடுவார். மாறாக, நாள் முழுக்க ஒரே அளவு களைப்பு, மாத்திரைக்கு முன்பிருந்தே இருக்கிறது என்று நோட்டு சொன்னால், அவர் நோயையோ ரத்தத்தையோ சந்தேகிப்பார். ரத்த அழுத்தம், வலி, சளி என வேறு எதற்காகச் சாப்பிடும் மாத்திரைகளையும், நாட்டு மருந்துகளையும், மதுப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

## மருத்துவரால் மாற்றக்கூடியவை

முதலில் நேரம். தூக்கம் தரும் மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குப் பதில் இரவு 8 மணிக்கே எடுக்கச் சொல்லலாம். தூக்கத்தைக் கெடுக்கும் மாத்திரை காலைக்கு மாறலாம். இந்தச் சிறு மாற்றத்திலேயே பலருக்குக் காலைப்பொழுது தெளிந்துவிடுகிறது.

அடுத்து அளவு. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக உயர்த்தினால் உடல் ஈடுகொடுக்கும். அதுவும் பலிக்காவிட்டால் மாத்திரையையே மாற்றலாம். புப்ரோபியான் போன்ற, தூக்கம் தராத மருந்துகளும் உண்டு. ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. உங்கள் உடம்புக்கு ஏற்றது எது என்று மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

## நாம் செய்துகொள்ளக்கூடியவை

எழுந்தவுடன் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நடங்கள். உடம்பு மறுத்தால், வாசல் வரை, தெருமுனை வரை என்று சிறிதாகத் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டலாம். உடற்பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கும் என்பது மருத்துவம் உறுதிப்படுத்திய உண்மை. பகலில் படுத்தே ஆக வேண்டுமென்றால் மதியம் 3 மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

மாத்திரை உடம்புக்குப் பழகும் வரை இருசக்கர வாகனம், லாரி, ஆலை இயந்திரங்களிலிருந்து விலகியிருங்கள். மது மயக்கத்தைக் கூட்டும், மனச்சோர்வையும் ஆழமாக்கும்.

## மற்ற பக்கவிளைவுகள்

குமட்டினால் சாப்பிட்ட பிறகு மாத்திரையை எடுங்கள். இட்லி, கஞ்சி போல எளிதாகச் செரிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வாய் வறண்டால் அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். வறட்சிக்காக அடிக்கடி மிட்டாய் சப்பினால் பல் சொத்தையாகலாம். மலச்சிக்கலுக்குக் கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம் கைகொடுக்கும். மிர்டாசபின், பராக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர்களுக்கு எடை கூடலாம். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைத்தால் ஆரம்பத்திலேயே கவனிக்கலாம்.

மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். செரட்டோனின் மாத்திரைகளோடு சேரும்போது வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையும் சில இருமல் மருந்துகளும் வேறுவகை ஆபத்தைத் தரும்.

## வெளியே சொல்லாத தொல்லை

தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தாமதமாவது ஆகியவை செரட்டோனின் மாத்திரைகளின் பரவலான பக்கவிளைவுகள். மற்றவற்றைப் போல இவை தானாகத் தணிவது குறைவு. கூச்சத்தால் யாரும் சொல்வதில்லை. “என்மேல் பிரியம் போய்விட்டது” என்று துணைவர் மனம் நொந்துபோகிறார்; கடைசியில் மாத்திரை குப்பைக்குப் போகிறது. இதற்கும் அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது என வழிகள் உண்டு. மருத்துவருக்கு இது தினமும் கேட்கும் சேதிதான். தயங்காமல் சொல்லுங்கள்.

## திடீரென நிறுத்தினால்

தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு ஆகியவை சில நாட்களில் வரலாம். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் மாத்திரைகளில் இது அதிகம். இது போதைப் பழக்கமல்ல. பழகிய மூளை திடீர் மாற்றத்துக்குத் தடுமாறுகிறது. அதைவிடப் பெரிய அபாயம், நோய் திரும்பிவருவது. முதல்முறை மனச்சோர்வு வந்தவர்கள் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தாமாக நிறுத்தாமல் முதலில் அவரைக் கலந்துபேச வேண்டும்.

## காத்திருக்கக் கூடாதவை

- தற்கொலை எண்ணம் தோன்றுவது, அல்லது கூடுவது. 25 வயதுக்கு உட்பட்டவர்களைச் சிகிச்சையின் முதல் வாரங்களிலும், மருந்தின் அளவு மாறும்போதும் வீட்டார் கூர்ந்து கவனிக்க வேண்டும்.
- தூக்கமே தேவைப்படாத அளவு உற்சாகம், ஓயாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு.
- முதியவர்களுக்குக் குழப்பம், தடுமாறி விழுதல், கடும் சோர்வு. ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம்.
- காய்ச்சல், உடல் விறைப்பு, நடுக்கம், பேதி ஆகியவை ஒன்றாக வருவது.
- கறுப்பு மலம், வலிப்பு, முகம் வீங்குதல்.

இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அவசரத்துக்கு 108. மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. தமிழக அரசின் எண் 104.

## வீட்டில் இருப்பவர்களுக்கு

“மாத்திரை போட்டுப் போட்டுத் தூங்குறியே” என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரம் சமையலையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் உடன் போங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகிக்கவும் வேண்டாம், அதற்குப் பயந்து சிகிச்சையைக் கைவிடவும் வேண்டாம். அடுத்த தேதி வரை காத்திருக்க முடியாவிட்டால் முன்னதாகவே போய்ச் சொல்லுங்கள். தெம்போடு குணமாவது உங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்குங்கள்.