அல்பால்பா: இலைதானே என்று எண்ணலாமா?

'அல்பஸ்பஸா' என்ற அரபுச் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக 'அல்பால்பா' ஆயிற்று. தமிழில் குதிரைமசால் எனப்படும் இந்தக் கால்நடைத் தீவனப் பயிர், இன்று குளிசையாகவும் பொடியாகவும் விற்பனைக்கு வருகிறது. இதன் விதை இரத்தக் கொழுப்பைச் சற்றுக் குறைக்கலாம் எனச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஏனைய பயன்களுக்குப் போதிய சான்றில்லை.

இதயவால்வுச் சத்திரசிகிச்சைக்குப் பின் என் உம்மம்மா வாபரின் குளிசை எடுப்பதால் இதைத் தேடிப் படித்தேன். அல்பால்பா இலையிலுள்ள விற்றமின் கே இரத்தம் உறைய உதவுகிறது. வாபரினோ உறைதலைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மருந்தின் பலன் குன்றி, வால்வில் இரத்தக்கட்டி உருவாகலாம்.

விதையிலும் முளையிலும் உள்ள கனவனைன் லூபஸ் நோயைத் தூண்டக்கூடும். அந்நோய் இளம் பெண்களையே அதிகம் தாக்குகிறது. பச்சை முளையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்.

தோழியரே, வீட்டில் மருந்து எடுப்பவர் இருந்தால், வைத்தியரிடம் கேட்காமல் இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.