அசன்பேயைப் பத்திரிகையோடு சேர்த்துப் படித்தல்

'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லும்போதெல்லாம் ஒரு குறையும் கூடவே சொல்லப்படுகிறது: அதில் ஈழம் இல்லை. கதை எகிப்தில் தொடங்கி, பம்பாய், கல்கத்தா என்று போய், மீண்டும் எகிப்துக்கே திரும்புகிறது. நான் படிப்பிக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்: "எங்கட ஊர் ஒண்டும் இதில வரல்லியே, சேர்?"

கேள்வி நியாயமானது. பதிலை நாவலுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அறிஞர் சித்திலெப்பை நாவலாசிரியராவதற்கு முன்பே பத்திரிகையாசிரியர். அங்கேதான் தேட வேண்டும்.

1838இல் கண்டியில் பிறந்த அவர் தொழிலால் வழக்கறிஞர். சட்டத்தொழிலில் வருமானமும் மதிப்பும் இருந்தன. இருந்தும் 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்தை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கின. செப்டம்பரில் தெல் அல் கபீர் போரில் ஒறாபி பாஷா தோற்றார். 1883 ஜனவரியில் அவரும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினார்கள். பத்திரிகை பிறந்து ஒரு மாதமாகவில்லை, எகிப்தின் செய்தி எங்கள் துறைமுகத்துக்கே நடந்து வந்துவிட்டது!

'அசன்பே' 1885இல் வெளிவந்தது. சிறுவயதில் வஞ்சகமாகக் கடத்தப்பட்ட ஓர் எகிப்தியப் பிள்ளை, அந்நிய மண்ணில் வளர்ந்து, படித்து, தாய் தந்தையரிடம் திரும்பிச் சேருகிற கதை. ஒறாபியை நேரில் கண்ட வாசகருக்கு எகிப்து தூரத்து நாடா? சுயஸ் கால்வாய் திறந்து பதினாறு வருடங்கள். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையில் ஓடிய கப்பல்கள் கொழும்பைத் தொட்டுப் போயின. ஹஜ்ஜுப் பயணமும் வியாபாரமும் கடல் வழியேதான். பம்பாயும் கல்கத்தாவும் அன்றைய சோனக வியாபாரியின் வாயில் தினமும் அடிபட்ட பெயர்கள். ஆகவே நாவலில் இருப்பது அந்நிய நிலம் அல்ல, பத்திரிகை வாசகரின் உலகப் படம் என்பதே என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. அவருடைய பொதுவாழ்வின் பெரிய கவலை கல்வி. ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பயந்த ஒரு சமூகத்தில், இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று வாதாடினார். பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றார். கொழும்பு புதிய சோனகத் தெருவில் பாடசாலை தொடங்கினார். 1892இல் வாப்பிச்சி மரிக்கார், ஒறாபி பாஷா முதலியோரோடு சேர்ந்து மருதானையில் எழுப்பிய கல்விக்கூடமே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. அசன் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் உயர்வதைப் படிக்கும்போது, பத்திரிகையாசிரியரின் அதே வாதம் கதையாக நடப்பது தெரியும்.

1898இல் மர்ஹூமானார். 1977இல் அவர் நினைவாக முத்திரை வெளியிடப்பட்டது. பரீட்சைக்கு அவர் பெயரும் ஆண்டும் போதும் என்று விட்டுவிட்டோம். நாவலைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் 1882இன் எகிப்தையும் 'முஸ்லிம் நேச'னையும் பற்றி முதலில் பத்து நிமிடம் சொல்லிவிட்டுக் கதைக்குள் போகட்டும். "எங்கட ஊர் எங்கே?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தாங்களே பதில் கண்டுபிடிப்பார்கள்.