டிஃபரன்ஷியல் கூலர் வாங்குறதுக்கு முன்னாடி, சூட்டை அளந்தீங்களா?

(எபிசோடின் எழுத்து வடிவம். சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் சென்னை ரூம்ல இல்ல, மம்சாபுரத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து ரெகார்ட் பண்றேன். நடுவுல மயில் கத்துனா பொறுத்துக்கோங்க.

போன மாசம் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு என் பழைய செடானை எடுத்துட்டுப் போனேன். ரியர் வீல் டிரைவ் வண்டி. மூணாவது செஷன் முடிஞ்சு பிட்டுக்கு வந்தா பின்பக்கம் ஒரே கந்தக வாடை. குனிஞ்சு பாத்தா டிஃபரன்ஷியல்ல பினியன் ஆயில் சீல் கசிஞ்சு, சைலன்சர் குழாய் மேல சொட்டிப் புகையுது. டேஷ்போர்டுல எஞ்சின் டெம்பரேச்சர் முள்ளு மட்டும் நடுவுல நிம்மதியா நிக்குது.

அன்னிக்கு ராத்திரியே ஒரு கூலர் கிட்டை கார்ட்ல போட்டுட்டேன். ஊருக்கு வந்து பெரியப்பாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் ராஜபாளையத்துல இருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியா கொல்லத்துக்கு வருஷக்கணக்கா லாரி ஓட்டினவர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு சூடாச்சு, அளந்தியாடா?" அளக்கல. மலை ஏறி வண்டியை நிறுத்தினதும் அவர் ஒரு சுத்து வந்து, ஒவ்வொரு ஹப்பையும் கிரவுன் ஹவுசிங்கையும் புறங்கையால தொட்டுப் பாப்பாராம். அதுதான் அவரோட சென்சார்.

சரி, அந்தச் சூடு எங்க இருந்து வருது? வளைவுல வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். ரெண்டுக்கும் பவரைப் பிரிச்சுக் குடுக்குறது டிஃபரன்ஷியல். ரியர் வீல் டிரைவ்ல பெரும்பாலும் கிரவுன் வீலும் பினியனும் ஹைப்பாய்டு வகை. பினியன் அச்சு, கிரவுன் வீல் நடுவுக்குக் கொஞ்சம் கீழ இருக்கும். அதனால பல்லு பல்லு மேல உருள்றது மட்டுமில்ல, வழுக்கித் தேய்க்கவும் செய்யும். சத்தம் கம்மி, பலம் அதிகம், ஆனா உராய்வுச் சூடு கூட. லிமிட்டெட் ஸ்லிப் வகைன்னா உள்ள இருக்குற கிளட்ச் பிளேட்டுங்க தன் பங்குக்குச் சூடு போடும்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். 200 குதிரைத்திறன் வண்டி, டிராக்ல சராசரியா பாதி பவர்ல ஓடுதுன்னு வைங்க. சுமார் 75 கிலோவாட். அதுல 3 சதவீதம் டிஃபரன்ஷியல்ல சூடா போனா 2 கிலோவாட்டுக்கு மேல. ஒன்றரை லிட்டர் ஆயிலுக்குள்ள ரெண்டு இஸ்திரிப் பெட்டியை முக்கி வெச்ச மாதிரி! இரும்பு, ஆயில் எல்லாம் சேத்து 30 கிலோன்னா, காத்து துளியும் ஆத்தலைன்னா நிமிஷத்துக்கு 8, 9 டிகிரி ஏறும். நிஜத்துல காத்து கொஞ்சம் ஆத்தும். ஆனா அந்த ஹவுசிங் வண்டிக்கு அடியில, பல வண்டிகள்ல சைலன்சர் குழாய் பக்கத்துலயே உக்காந்திருக்கு. எஞ்சினுக்கு இருக்குற ரேடியேட்டர் எதுவும் அதுக்குக் கிடையாது.

ஆயில் 120 டிகிரியைத் தாண்ட ஆரம்பிச்சா கதை மாறும். ஆயில் நீர்த்துப் போகும், பல்லுக்கு நடுவுல இருக்குற படலம் மெலிசாகும், சாதாரண ரப்பர் சீல் இறுகிப் போகும். ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெட்டுப்போற வேகம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும்.

இங்க ஒரு நிமிஷம். உங்க வண்டி ஸ்விஃப்டோ போலோவோன்னா, ஃப்ரன்ட் வீல் டிரைவ். டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளயே இருக்கு, ஆயிலும் ஒண்ணுதான். நீங்க யோசிக்க வேண்டியது கியர் பாக்ஸ் ஆயிலைப் பத்தி. டிஃபரன்ஷியல் கூலர் விளம்பரத்தைப் பாத்து மயங்காதீங்க.

மத்தவங்களுக்கு என் வரிசை: முதல்ல டிரெயின் போல்ட்டுல ஒரு டெம்பரேச்சர் சென்சார். அப்புறம் நல்ல சிந்தெடிக் ஆயில், 75டபிள்யூ-90 இல்லன்னா 75டபிள்யூ-140, கம்பெனி சொல்ற கிரேடைப் பாத்து. லிமிட்டெட் ஸ்லிப்னா அதுக்குன்னே இருக்குற ஆயில். நாள் முழுக்க டிராக்ல ஓட்டினா சீக்கிரமே மாத்திருங்க. உங்க வண்டிக்கு துடுப்பு வெச்ச அலுமினிய கவர் கிடைச்சா அது அடுத்தது. இவ்வளவும் பண்ணியும் முள்ளு ஏறிட்டே இருந்தாத்தான் பம்ப்பும் கூலரும். 2012 ஷெவர்லே கமரோ இசட்எல்1-ல கம்பெனியே டிஃபரன்ஷியல் கூலர் வெச்சு அனுப்பினாங்க. தேவையில்லாத பொருள்னு நான் சொல்ல வரல.

கூலர் போட்டா கவனிக்க வேண்டியது நிறைய. பம்ப்புக்கு முன்னாடி ஒரு வலை ஃபில்டர் கட்டாயம், இரும்புத்தூள் பம்ப்பைத் தின்னுடும். குளிர்ந்த ஆயில் தேன் மாதிரி இருக்கும், அதனால 80, 90 டிகிரிக்கு அப்புறம் மட்டும் பம்ப் ஓடுற மாதிரி ஸ்விட்ச். கூலர் டிஃபரன்ஷியலுக்கு மேல இருந்தா, பம்ப் நின்னதும் ஆயில் கீழ இறங்கி லெவல் ஏறிடும், பிரீதர் வழியா வெளிய தள்ளும். ஹோஸ் சைலன்சர்கிட்டயோ சக்கரத்துகிட்டயோ போகவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அன்னிக்கு அடுத்த செஷன் பைக்குகளுக்கு. நான் சொட்டுன ஆயில் எந்த வளைவுல கிடக்குன்னு எனக்கே தெரியாது. கடைசி லேப்ல மார்ஷல் மஞ்சள்-சிவப்புக் கோடு போட்ட கொடியை ஆட்டினார். தரை வழுக்கும்னு அர்த்தம். யாரோ சொட்டிட்டாங்கன்னு நெனச்சேன். அந்த யாரோ நான்தான்! ஓடிப் போய்ச் சொன்னேன், சிமென்ட் தூள் போட்டுத் துடைச்சாங்க, செஷன் லேட்டாத் தொடங்குச்சு. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வரிசையில காத்திருந்த பசங்க முகத்தை நான் நிமிந்து பாக்கல. கூலர் போட்டா கசியறதுக்கு இன்னும் ஆறேழு ஜாயின்ட் கூடுது, அவ்வளவுதான்.

கிட்டை கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். புது சீல், புது ஆயில், சென்சார் வாங்கியாச்சு. அடுத்த தடவை 15 நிமிஷம் ஓட்டி, ஒவ்வொரு லேப்புக்கும் ரீடிங் எடுத்து ஷோ நோட்ஸ்ல போடுறேன். 130-ஐத் தாண்டினா கூலர் எபிசோடு ரெண்டாம் பாகம் வரும்.