ஆயிரம் பக்க வாத்தியார்!

"டைப் அடிக்கத் தெரியுமா?"

"தெரியும் சார். ஹையர் பாஸ்!"

"வேர்டு?"

"அதுவும் தெரியும் சார்!"

2009-ல் சென்னையில் ஓர் அலுவலகத்தில் என் முதல் இன்டர்வியூ இப்படி ஜோராகத்தான் ஆரம்பித்தது. பள்ளிப்பட்டில் விடியற்காலை பஸ் பிடித்து, திருத்தணியில் ரயில் ஏறி, பி.காம். சர்டிபிகேட் கசங்கிவிடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு அந்த 'தெரியும் சார்' ரொம்ப முக்கியம்.

ஒரு கடிதத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். பத்தே நிமிஷம். தலைப்பு நட்டநடுவில், தேதி வலது ஓரத்தில், கையெழுத்துக்கு இடம் விட்டு... கல்யாணப் பத்திரிகை தோற்றது!

மேனேஜர் வந்தார். மானிட்டரைப் பார்த்தார். 'பரவாயில்லையே' என்கிற மாதிரி தலையாட்டினார். பிறகு கீபோர்டில் மூன்று விசைகளைச் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான். வெள்ளைவெளேர் என்றிருந்த தாள் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக! தலைப்புக்கு முன்னால் மட்டும் முப்பதுக்கு மேல் புள்ளிகள் வரிசை கட்டி நின்றன.

"என்னப்பா இது?"

"ஸ்பேஸ் பார் தட்டினேன் சார்..."

"அடுத்த பக்கத்துக்கு எப்படிப் போனே?"

"என்டர் சார். பதினேழு தடவை."

"தம்பி, நீ வேர்டுல வேலை பார்க்கலே. வேர்டுக்குள்ளே ஒரு டைப்ரைட்டரைக் கொண்டாந்து வெச்சு, அதுல வேலை பார்த்திருக்கே."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அந்த மூன்று விசைகள்: கன்ட்ரோல், ஷிஃப்ட், 8. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இப்போதே அழுத்திப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒரு புள்ளி இருந்தால் தப்பில்லை. ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையாகப் பத்துப் புள்ளி நின்றால், வாங்க, நீங்களும் நம்ம கட்சிதான்!

மாஸ்டர் மேல் தப்பில்லை

பள்ளிப்பட்டு தெரியாதவர்களுக்கு: திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை வழியாக ஆந்திர எல்லையைப் பார்த்துப் போனால் வரும். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த பூமி. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும். அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவோம்.

எங்கள் டைப்பிங் மாஸ்டர், கம்ப்யூட்டர் வந்ததும் பழைய போர்டிலேயே 'அண்டு கம்ப்யூட்டர் சென்டர்' என்று சேர்த்து எழுதிக்கொண்டவர். டைப்ரைட்டரில் தலைப்பை நடுவில் கொண்டுவர ஒரு கணக்கு உண்டு. எழுத்தை எண்ண வேண்டும், பாதியாக்க வேண்டும், தாளின் மையத்திலிருந்து அத்தனை தட்டு பின்னால் வர வேண்டும். அதே கணக்கைக் கம்ப்யூட்டரிலும் சொல்லிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இப்படித்தான் கத்துக்கிட்டது. விரல் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை ஓடும். மெஷின் என்ன நினைக்கிறது என்பது மட்டும் தெரியாது.

மாஸ்டரின் முதல் காதல் வேர்டுஸ்டார். 1978-ல் அமெரிக்காவில் ராப் பார்னபி என்பவர் எழுதிய புரோகிராம். மவுஸ் எல்லாம் கிடையாது. கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு 'இ' தட்டினால் மேலே, 'எக்ஸ்' கீழே, 'எஸ்' இடது, 'டி' வலது. தொண்ணூறுகளில் வேர்டுஸ்டார், லோட்டஸ், டி-பேஸ் மூன்றும் முடித்த பையனுக்கு மாப்பிள்ளை மார்க்கெட்டில் தனி மவுசு! (அதில் மட்டும்தான் மவுசு.) 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், தான் கதை எழுதுவது பழைய டாஸ் கம்ப்யூட்டரில், வேர்டுஸ்டார் 4.0-ல்தான் என்று 2014-ல் டி.வி. பேட்டியில் சொன்னார். மாஸ்டரிடம் சொன்னேன். "நான் அப்பவே சொல்லலே?" என்றார்.

எண்பது ரூபாய் செங்கல்

இன்டர்வியூவில் தோற்றவன் நேராக மெரினாவுக்குப் போய்க் கடலை வெறித்துப் பார்ப்பதுதான் சினிமா மரபு. எனக்கு ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது. சென்ட்ரல் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள். அங்கேதான் அது கிடந்தது. வேர்டு 97-க்கான முழு கைடு. இங்கிலீஷ். ஆயிரத்துச் சொச்சம் பக்கம். செங்கல் கனம்.

"எவ்வளவுண்ணே?"

"இருநூறு."

"ஐம்பது."

"தம்பி, எடைக்குப் போட்டாலே அதுக்கு மேல தேறும்!"

எண்பதில் முடிந்தது. வீட்டில் நைனா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது படிக்கவா, தறிக்கு முட்டுக் கொடுக்கவா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மானிட்டரில் எது எங்கே இருக்கிறது, ரூலர் என்றால் என்ன, ஸ்க்ரோல் பார் என்றால் என்ன... நாற்பதாவது பக்கத்தில் தூக்கம். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. திருத்தணி மலைக்கு 365 படி. தினம் முதல் பத்துப் படி ஏறி இறங்கி வந்தால் முருகனை எப்போது பார்ப்பது?

பத்து நாள் கழித்து என் பெரியப்பா மகன் வந்தான். பஸ்ஸில் கண்டக்டர். புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னான்:

"டேய், பஸ் டைம்டேபிளை மொதல் பக்கத்துலேர்ந்து எவனாவது படிப்பானா? நீ எந்த ஊர் போகணுமோ அதைத் தேடுடா!"

இங்கிலீஷே சரியாக வராத அவனுக்குத் தெரிந்தது, பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை. முழு கைடு என்பது நாவல் இல்லை சார். பின்னாலிருந்து திறக்க வேண்டிய புத்தகம். கடைசியில் அகர வரிசையில் இருக்கிறதே இண்டெக்ஸ், அதுதான் வாசல்.

ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதினேன். ஒன்று, ஸ்பேஸ் தட்டாமல் தலைப்பை நடுவில் வைப்பது எப்படி? இரண்டு, என்டர் தட்டாமல் அடுத்த பக்கம் போவது எப்படி? மூன்று, நடுவில் ஒரு வரி சேர்த்தால் கீழே எல்லாம் ஏன் குளறுபடி ஆகிறது?

முதல் இரண்டுக்கும் இண்டெக்ஸில் தேடிப் பதில் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கன்ட்ரோலும் 'இ'யும் சேர்த்தால் நடுவில். கன்ட்ரோலும் என்டரும் சேர்த்தால் புதுப் பக்கம். இவ்வளவுதானா! இதற்கா ஒரு வேலையைத் தொலைத்தேன்!

மூன்றாவது கேள்விதான் பெரிய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

ஸ்டைல்னா சும்மாவா?

புத்தகத்தில் 'ஸ்டைல்' என்று ஒரு நீளமான அத்தியாயம். ஸ்டைல் என்றால் ரஜினி சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அத்தியாயம் சொன்னது இதுதான். ஒரு வரியைப் பெரிசாக்கு, கறுப்பாக்கு, நடுவில் தள்ளு என்று ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சொல்லாதே. 'இது தலைப்பு' என்று ஒரே வார்த்தை சொல். தலைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் இடத்தில் எழுதி வை. நாளைக்கு மாற்ற வேண்டுமானால் அந்த ஓர் இடத்தில் மாற்று. அறுபது தலைப்பும் தானே மாறும். தலைப்பு எது என்று மெஷினுக்குத் தெரிந்துவிட்டால் பொருளடக்கத்தையும் பக்க எண்ணோடு அதுவே போட்டுக் கொடுக்கும்.

நான்கு தடவை படித்தும் பாதிதான் ஏறியது. சாப்பிடும்போது நைனாவிடம் உளறிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"இதுல என்னடா அதிசயம்? சேலைக்குக் கரை கலரை மாத்தணும்னா பாவுல மாத்தணும். நெய்ஞ்ச சேலையிலயா போய் பெயின்ட் அடிப்பே?"

ஆயிரம் பக்கப் புத்தகம் சொன்னதை நைனா இரண்டு வரியில் முடித்துவிட்டார். நான் இத்தனை நாள் அடித்தது பெயின்ட்!

நம்மை ஏமாற்றியது எது தெரியுமா? கண்தான். திரையில் எப்படித் தெரிகிறதோ அப்படியே தாளிலும் வர வேண்டும் என்ற ஆசையில், 1974-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் 'பிராவோ' என்று ஒன்றை எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவர் சார்லஸ் சிமோனி. பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். ரிச்சர்ட் பிராடி என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய வேர்டு 1983-ல் வந்தது. அதன் மாதிரி ஃபிளாப்பியை அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகக் கொடுத்தார்கள். நம்ம ஊர் வாரப் பத்திரிகையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டிக் கொடுத்த மாதிரி! சிமோனி பிற்காலத்தில் சொந்தக் காசில் இரண்டு தடவை விண்வெளிக்கே போய் வந்தார். நமக்கு மார்ஜின் தாண்டவே மூச்சு வாங்குகிறது.

பார்க்க நன்றாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே முப்பது புள்ளி ஒளிந்திருப்பது, வேறு பிரிண்டரில் போட்டு எல்லாம் சாய்ந்து நிற்கும்போதுதான் தெரியும்.

மெனுவைக் காணோம்!

2010-ல் வேறோர் ஆபீஸில் வேலை கிடைத்தது. கைடு தந்த தெம்பில் கம்பீரமாக உட்கார்ந்தேன். திறந்தால்... மெனுவே இல்லை! ஊர் சென்டரில் இருந்தது வேர்டு 2003. புத்தகம் 97. இரண்டுக்கும் அண்ணன் தம்பி ஜாடை. இங்கே இருந்ததோ 2007. ஃபைல், எடிட், டூல்ஸ் என்று இறங்கும் மெனுக்களை எல்லாம் தூக்கிவிட்டு, 'ரிப்பன்' என்று ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள். லீவுக்கு ஊர் போனவன் வீட்டை இடித்துக் கட்டிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்!

முதல் நாள் வியர்த்தது. இரண்டாம் நாள் கவனித்தேன். வாசல்தான் மாறியிருக்கிறது, தூண்கள் அப்படியே இருக்கின்றன. கன்ட்ரோல் 'இ' அதே. ஸ்டைல் அதே. புள்ளி காட்டும் விசையும் அதே. பட்டன் எங்கே என்று மனப்பாடம் செய்திருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பேன். ஏன் என்று படித்தது காப்பாற்றியது. ஒரே வாரத்தில், பக்கத்து சீட் ஆசாமிகள் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

நூற்றி எண்பது மனு

2012-ல் ஊருக்குப் போயிருந்தபோது நைனாவும் நாலைந்து தறிக்காரர்களும் திண்ணையில் கவலையாக உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் பில் விவகாரம். 180 பேரும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டும். அவரவர் பெயர், தெரு, தறி எண்ணிக்கை, மின் இணைப்பு எண் போட்டு. மறுநாள் காலைக்குள்! கடையில் பக்கத்துக்குப் பத்து ரூபாய் கேட்டார்களாம்.

"பெயர் லிஸ்ட் இருக்கா?" என்றேன். பென் டிரைவில் கொடுத்தார்கள். என் லேப்டாப்பில் திறந்தால் ஒரே கசாமுசா. தமிழே இல்லை.

பழைய தமிழ் ஃபான்ட்டுகளின் சங்கதி இது. இங்கிலீஷ் எழுத்துக்குரிய அறைகளில் தமிழ் எழுத்தின் படத்தைக் குடி வைத்திருந்தார்கள். எந்த அறையில் எந்த எழுத்து என்பது ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேறு. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் வீட்டுக்காரர் இங்கிலீஷ் எட்டிப் பார்ப்பார். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் இதற்கு ஒரு பொது ஒழுங்கு கொண்டுவரப் பார்த்தார்கள். தமிழுக்குச் சொந்த அறை கொடுத்த யூனிகோடு 1991-லேயே வந்தது. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-ல்.

நெட்டில் இலவசமாகக் கிடைத்த மாற்றியைப் போட்டு லிஸ்ட்டை யூனிகோடு ஆக்கினேன். பிறகு செங்கல்லை எடுத்தேன். இண்டெக்ஸ். 'மெயில் மெர்ஜ்'. ஒரு பக்கம் மனு, ஒரு பக்கம் லிஸ்ட். மனுவில் பெயர் வர வேண்டிய இடத்தில் 'இங்கே பெயர்' என்று ஓர் அடையாளம். இரண்டையும் இணைத்தால் வரிசையாக 180 கடிதம். அவசரத்தில், இணைப்பதற்கு முன்பே பிரிண்ட் கொடுத்துவிட்டேன். 'பெயர் ஆகிய நான், தெரு என்னும் தெருவில் வசித்து வருகிறேன்' என்று ஆறு தாள் வந்தது. தறிக்காரர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டு, "யாரு தம்பி இந்தப் பெயர்? எங்க தெருவுல இல்லையே!" என்றார்.

ஏழாவது தாளிலிருந்து சரியாக வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு 180-ம் முடிந்தது. நைனா தன்னுடையதைத் தேடி எடுத்தார். பெயர், தெரு, தறி எண்ணிக்கை எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். அடுத்தவருடையதைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார்.

"ஒரே பாவு... நூத்தியெண்பது சேலை!" என்றார்.

இன்டர்வியூ மேனேஜர் தராத சர்டிபிகேட் அது.

உங்களுக்காக நாலு வரி

கைடு எதுவானாலும், புத்தகமோ வீடியோவோ, முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். இன்றைக்கு ஆபீஸில் உங்களைத் தடுக்கி விழ வைத்த ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்.

ஒரு வேலையை மூன்று தடவைக்கு மேல் கையால் செய்கிறீர்களா? அதற்கு இண்டெக்ஸில் நிச்சயம் ஒரு வழி இருக்கும்.

பட்டன் எங்கே என்பதைவிட அது ஏன் என்று கேளுங்கள். பட்டன் அடுத்த வருஷம் இடம் மாறும்.

இப்போது லீவு லெட்டரைக் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். வாங்கிய கையோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்திப் பாருங்கள். இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னால் நானும் அழுத்திப் பார்த்துவிட்டேன். எடிட்டர் சார், தைரியமாகத் திறக்கலாம்!