பெற்றோர் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தரும் பணக்கொடை (இந்தியா)

பணக்கொடை என்பது ஒருவர் தமக்குச் சொந்தமான பணத்தை, கைம்மாறு எதுவும் பெறாமல், தம் விருப்பத்தின்பேரில் மற்றொருவருக்குக் கொடுப்பதும், அவர் அதை ஏற்றுக்கொள்வதும் ஆகும். வீடு வாங்க, தொழில் தொடங்க, கடனை அடைக்க எனப் பல காரணங்களுக்காக இந்தியப் பெற்றோர் 18 வயது நிறைந்த மகனுக்கோ மகளுக்கோ பெருந்தொகை தருவது வழக்கம். இதற்கு வரி இல்லை என்பது பொதுவாகச் சரி. ஆயினும் பணம் தரப்படும் முறை, அதிலிருந்து வரும் வருமானம், பிற்காலத்தில் எழக்கூடிய தகராறு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்ட விதிகள் உள்ளன.

கொடை வரியின் வரலாறு

இந்தியாவில் கொடை வரிச் சட்டம் 1958ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி கொடுப்பவரே வரி செலுத்த வேண்டியிருந்தது. 1998 அக்டோபர் 1 முதல் தரப்படும் கொடைகளுக்கு இந்த வரி நீக்கப்பட்டது. பின்னர், பெறுபவரின் வருமானமாகக் கருதி வரி விதிக்கும் முறை வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இன்றுள்ள முறையும் இதுவே.

பெறுபவருக்கான வரி விதி

வருமான வரிச் சட்டம், 1961இன் 56(2)(x) பிரிவின்படி, ஒரு நிதியாண்டில் ஒருவர் கைம்மாறின்றிப் பெறும் பணத்தின் கூட்டுத்தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி முழுத் தொகைக்கும் வரி உண்டு. உறவினரிடமிருந்து பெறும் பணத்துக்கு இவ்விதி பொருந்தாது. அதற்கு உச்சவரம்பும் இல்லை. பெற்றோர், தாத்தா, பாட்டி, கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர், மாமனார், மாமியார் ஆகியோர் உறவினர் பட்டியலில் அடங்குவர். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் அதில் இல்லை. எனவே தாய்மாமன் மருமகனுக்குத் தரும் பணத்துக்கு வரி இல்லை. அதே மருமகன் தாய்மாமனுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் மாமன் வரி கட்ட வேண்டும்.

2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் கொண்ட வருமான வரிச் சட்டம், 2025, இவ்விதிகளின் சாரத்தைப் புதிய பிரிவு எண்களின் கீழ்த் தொடர்கிறது.

கொடைப் பணம் ஈட்டும் வருமானம்

கொடைக்கு வரி இல்லை என்பதால் அதன் வட்டிக்கும் வரி இல்லை என்று பொருளல்ல. ஒரு தந்தை மகளுக்கு 20 லட்சம் ரூபாய் தருகிறார். அவர் அதை 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பில் இடுகிறார் எனக் கொள்வோம். ஆண்டு வட்டியான 1,40,000 ரூபாய் மகளின் வருமானம். வரிக் கணக்கு காட்ட வேண்டியவர் அவரே.

அதே தொகையை மருமகள் (மகனின் மனைவி) பெயருக்குத் தந்தால் நிலை மாறுகிறது. கொடைக்கு அப்போதும் வரி இல்லை. ஆனால் 64ஆம் பிரிவின்படி அதன் வட்டி, கொடுத்த மாமனாரின் வருமானத்துடன் சேர்க்கப்படும். மருமகனுக்குத் தரும் பணத்துக்கு இந்தச் சேர்ப்பு விதி இல்லை.

பணம் தரும் முறை

ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே நிகழ்வை ஒட்டியோ 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை 269எஸ்டி பிரிவு தடை செய்கிறது. கொடுத்தவர் பெற்றோராக இருந்தாலும் விலக்கு இல்லை. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தண்டத்தொகை பெறுபவர்மீது விதிக்கப்படலாம். ஆகவே காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றமே பாதுகாப்பானது.

வருமான வரி அலுவலர் கேட்டால், கொடுத்தவர் யார், அவருக்கு அவ்வளவு பணம் தரும் வசதி இருந்ததா, பரிமாற்றம் உண்மையானதா ஆகிய மூன்றையும் பெற்றவர் மெய்ப்பிக்க வேண்டும். ஓய்வூதியப் பலன், நிலம் விற்ற பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை இதற்கு உதவும்.

எழுத்து ஆவணம்

சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882இன் 123ஆம் பிரிவின்படி, வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தைக் கொடையாகத் தரப் பதிவு செய்த பத்திரம் கட்டாயம். பணம் போன்ற அசையும் சொத்தை ஒப்படைத்தாலே கொடை முழுமையடையும். எனினும் தொகை, தேதி, உறவுமுறை, பணம் வந்த வழி ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வைத்திருப்பது நல்லது.

இக்கடிதம் வரிக்கு மட்டும் பயன்படுவதில்லை. கொடையா கடனா என்பது எழுதப்படாமல் விடப்பட்டால், பெற்றோர் காலமான பின் மற்ற பிள்ளைகள் அத்தொகையைத் திரும்பி வரவேண்டிய கடனாகக் கருதிப் பங்கு கேட்கலாம்.

கொடையைத் திரும்பப் பெற முடியுமா?

முழுமையடைந்த கொடையை, மனம் மாறியது என்ற காரணத்துக்காக மட்டும் திரும்பப் பெற இயலாது. ஏமாற்றியோ மிரட்டியோ பெறப்பட்டிருந்தால் நீதிமன்றத்தை நாடலாம்.

60 வயது நிறைந்தவர்களுக்கு மேலும் ஒரு பாதுகாப்பு உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, தம் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தரப்பட்ட சொத்தைப் பெற்றவர் அக்கடமையைச் செய்யத் தவறினால், அக்கொடையைச் செல்லாததாகத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அசையும் சொத்தும் இச்சட்டத்தின் 'சொத்து' என்ற சொல்லில் அடங்கும். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இத்தீர்ப்பாயத்துக்குத் தலைமை வகிக்கிறார்.

அத்தகைய நிபந்தனை இருந்தது நிறுவப்பட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இச்சட்டத்தை முதியோருக்குப் பயன் தரும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் வலியுறுத்தியது. இருப்பினும், செலவாகிவிட்ட பணத்தை மீட்பது நிலத்தை மீட்பதைவிடக் கடினம். ஆகையால் முதுமைக்கால மருத்துவத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் தேவையானதைத் தம் பெயரில் ஒதுக்கிவைத்து, மீதியைத் தருவதும், பராமரிப்பு நிபந்தனையைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதுவதும் பெற்றோருக்குப் பாதுகாப்பாகும்.