நாற்பத்தெட்டு மணி நேரம், ஒரு கேம்

கணினி விளையாட்டு செய்பவர்கள் ஓரிடத்தில் கூடி, குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைத் தொடக்கத்திலிருந்து செய்து முடிக்கும் கூடுகைக்குக் கேம் ஜாம் என்று பெயர். நேரம் பெரும்பாலும் 48 மணி. இசைக் கலைஞர்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து வாசிப்பதை ஜாம் என்பார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. பெரிய நிறுவனங்களைச் சாராமல் சொந்தமாகக் கேம் செய்பவர்களை இண்டி டெவலப்பர்கள் என்கிறார்கள். அவர்களுடைய சமூக வாழ்க்கையில் திருவிழா என்று சொல்லத்தக்கது இதுதான்.

இண்டி டெவலப்பரின் வேலை தனிமையானது. ஒருவர், இருவர், மிஞ்சினால் ஐந்தாறு பேர். புரோகிராம், படம், ஒலி, கதை, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் அவர்களே பார்க்க வேண்டும். ஒரு கேம் முடிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆவது சாதாரணம். அத்தனை காலம் ஒரே அறையில் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, தான் செய்வது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதே பிடிபடாமல் போய்விடும். ஆகவே இவர்களுக்குக் கூடுவதும் தொழிலில் சேர்த்தி.

2002-இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் முதலியோர் நடத்திய இண்டி கேம் ஜாமை இந்த வழக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் கேமுக்குக் கொட்டும் பணம் ஏற ஏற, புதிதாக எதையும் செய்து பார்க்கத் துணிவதில்லை என்பது அவர்களின் குறை. திரையில் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் சிறு உருவங்களை ஓடவிடும் மென்பொருளை எழுதி நண்பர்கள் கையில் கொடுத்து, இதை வைத்துச் சில நாட்களில் என்ன செய்ய முடியும் பாருங்கள் என்றார்கள். அதே ஆண்டில் ஜெஃப் ஹவ்லண்ட் இணையம் வழியாக லூடும் டாரே போட்டியைத் தொடங்கினார். லத்தீன் மொழியில் அதற்கு ‘விளையாட்டைக் கொடுத்தல்’ என்று பொருள். 48 மணி நேரம், தனி ஆள், படமும் ஒலியும் உட்பட எல்லாம் அந்த நேரத்துக்குள் செய்தவையாக இருக்க வேண்டும். நடுவர் குழு கிடையாது. கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை இன்னொருவர் ஆடி மதிப்பெண் போடுவார்கள். மற்றவர் கேமை ஆடாதவருடைய கேமை ஆடவும் ஆள் வராது. மொய் வைக்கும் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

2006-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நார்டிக் கேம் ஜாம் தொடங்கியது. அதைப் பார்த்து உருவான குளோபல் கேம் ஜாம் 2009 ஜனவரி இறுதியில் 23 நாடுகளில் 53 இடங்களில் ஒரே வார இறுதியில் நடந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே கருப்பொருள். தொடக்க ஆண்டுகளில், அந்தந்த ஊரில் மாலை 5 மணி ஆகும்வரை அதை வெளியில் விடக் கூடாது என்பது விதி. நியூசிலாந்தில் முதலில் திறந்த ரகசியம், உலகைச் சுற்றிக்கொண்டு கடைசியாக ஹவாய்க்குப் போய்ச் சேரும்; இடையில் தெரிந்துகொண்டவர்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். 2013-இல் கருப்பொருளாக வார்த்தையே தரப்படவில்லை. இதயம் துடிக்கும் ஓசை மட்டும் ஒலித்தது.

இடம் பெரும்பாலும் ஏதாவது கல்லூரியின் கணினிக் கூடமாக இருக்கும். வெள்ளி மாலை கருப்பொருள் தெரிந்ததும் அரை மணி நேரம் சலசலப்பு. மனதில் யோசனை இருப்பவர் எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் சொல்வார். பிடித்தவர்கள் அவர் பக்கம் போய்ச் சேர்வார்கள். படம் வரையத் தெரிந்தவருக்கு எப்போதும் கிராக்கி. இசை மட்டுமே தெரிந்தவர் ஒரே இரவில் மூன்று குழுக்களுக்கு வேலை செய்வதும் உண்டு. யூனிட்டி, கோடாட் போன்ற மென்பொருள்கள் செலவில்லாமல் கிடைப்பதால், மாணவரும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரே கருவியோடு உட்கார முடிகிறது. சனிக்கிழமை நண்பகலில் பத்துக் கட்டங்களாகத் திட்டமிட்டது இரவுக்குள் மூன்றாகச் சுருங்கும். எதை வெட்டி எதை வைப்பது என்ற இந்தத் தீர்மானம்தான் ஜாம் கற்றுத்தரும் பெரிய பாடம். ஆண்டுக்கணக்கில் நீளும் வேலையில் தள்ளிப்போட முடிந்த முடிவை இங்கே விடிவதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிவாக்கில் எல்லாரும் கேமைப் பதிவேற்றிவிட்டு, கூடத்தையே கண்காட்சி ஆக்குவார்கள். இதுவரை முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்கிறார். செய்தவர் அவருக்குப் பின்னால் நிற்கிறார். எழுதாத விதி ஒன்று உண்டு: செய்தவர் எதையும் சொல்லித்தரக் கூடாது. திரையில் இருப்பது கதவு என்று செய்தவருக்குத் தெரியும். ஆடுபவருக்கு அது சுவர். அவர் அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, இடத்திலும் வலத்திலும் முட்டி, கடைசியில் கையை எடுத்துவிடுகிறார். பின்னால் நிற்பவர் கதவுக்கு வேறு நிறம் கொடுக்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார். தனி அறையில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் கண்ணில் படாத குறை, ஓர் அந்நியரின் இரண்டு நிமிடத் தடுமாற்றத்தில் தெரிந்துவிடும். வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். அதனால்தான் டெவலப்பர்கள் ஒருவருக்கு ஒருவர் தேவைப்படுகிறார்கள்.

ஜாமில் பிறக்கும் கேம்களில் பெரும்பாலானவை அந்த வாரத்தோடு முடிந்துபோகும். சில வளர்ந்து பேர் வாங்கும். 2013-இன் அந்த இதயத் துடிப்பைக் கேட்டு, இதய மாற்று அறுவை சிகிச்சையைத் தடுமாறும் ஒற்றைக் கையால் செய்யும் சர்ஜன் சிமுலேட்டர் பிறந்தது. ஃபின்லாந்தின் ஆர்வி டெய்காரி 2017-இல் நார்டிக் கேம் ஜாமில் செய்தது பாபா இஸ் யூ. விளையாட்டின் விதிகளே சொற்களாகத் திரையில் கிடக்கும், அவற்றைத் தள்ளி நகர்த்தி விதியையே மாற்றலாம். இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் ஹாலோ நைட்டின் வேரும் ஆஸ்திரேலிய நண்பர்கள் லூடும் டாரேவுக்காகச் செய்த ஒரு சிறு கேமில் இருக்கிறது.

ஜாமுக்குக் கூடம்தான் வேண்டும் என்பதில்லை. ஏட்ரியல் வாலிக் என்ற டெவலப்பர் 2014-இல் அதை ரயிலில் ஏற்றினார். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பக்கம் போகும் கலிஃபோர்னியா ஸெஃபைர் ரயிலுக்கு வழித்தூரம் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், பயண நேரம் சுமார் 52 மணி. ராக்கி மலைகளில் இணையத் தொடர்பு அறுந்துபோகும். தெரியாததைத் தேடிப் பார்க்க வழியில்லாதபோது அடுத்த இருக்கைக்காரரைக் கேட்டாக வேண்டும். பேசிப் பழக இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

அந்த ரயிலில் ஏறியவர்கள் போய்ச் சேர்ந்தது கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸுக்கு. இன்று பல்லாயிரம் பேர் கூடும் அந்த மாநாடு 1988-இல் கிறிஸ் க்ராஃபர்ட் தம் வீட்டு ஹாலில் முப்பதுக்கும் குறைவான நண்பர்களை உட்காரவைத்துத் தொடங்கியது. அதனுடன் நடக்கும் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்தான் இண்டி உலகின் பெரிய விருது மேடை. அதன் முதல் பரிசு ஷேமஸ் மெக்னாலியின் பெயரில் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த அந்த இளைஞர், குடும்பத்தாரோடு சேர்ந்து செய்த ட்ரெட் மார்க்ஸ் கேமுக்காக 2000-இல் அந்தப் பரிசைப் பெற்றார். சில நாட்களில் புற்றுநோயால் இறந்துபோனார், வயது 21. அடுத்த ஆண்டிலிருந்து அந்தப் பரிசு அவர் பெயரைத் தாங்குகிறது.

2024-இல் அந்தப் பரிசு வெண்பாவுக்குக் கிடைத்தது. டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்த இது, 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்த் தம்பதியின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். இட்லிப் பானையையே பார்த்திராத ஊர்களில் எல்லாம் அதை ஆடினார்கள்.

இந்தக் கூடுகைகளின் கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குப் போக விமானக் கட்டணமும் விசாவும் தேவை. சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவருக்கு இரண்டும் மலை. மாநாட்டின் மாலைச் சந்திப்புகள் மதுக்கூடங்களில் நடந்தால், 21 வயது நிரம்பாதவர்களும் குடிக்காதவர்களும் வெளியில் நிற்க நேரும். 2014-இல் பெண் டெவலப்பர்களைக் குறிவைத்து இணையத்தில் கூட்டமாகத் தொல்லை கொடுத்தார்கள். அதன் பிறகு நடத்தை விதிகளை எழுதி வாசலிலேயே ஒட்டும் வழக்கம் பரவியது. இரவெல்லாம் விழிப்பதைப் பெருமையாகக் கருதும் பழக்கத்தை மாற்ற, சில அமைப்பாளர்கள் இரவில் கூடத்தைப் பூட்டி எல்லாரையும் தூங்க அனுப்புகிறார்கள். அது சரியான முடிவு.

தூரம் என்ற தடை இந்தியாவில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பல ஆண்டுகள் ஐதராபாத்தில் நடந்துவந்த இந்தியா கேம் டெவலப்பர் கான்ஃபரன்ஸ் 2025-இல் சென்னையில் நடந்தது. அதைவிட அடிக்கடி கைகொடுப்பவை, உலகெங்கும் நகரங்களில் மாதம் ஒருமுறை நடக்கும் சிறு சந்திப்புகள். ஒரு காபிக் கடையின் மாடி, நாலைந்து லேப்டாப், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பாதியில் நிற்கும் கேமைத்தான் கொண்டுவர வேண்டும், முடிந்ததைக் கொண்டுவரத் தேவையில்லை. அமைப்பாளரின் வேலை எளியது: எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவருவது, புதிதாக வந்து சுவரோரம் நிற்பவரை அழைத்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் கண்ட்ரோலரைக் கொடுப்பது.